கணக்கு யாருக்குச் சொல்லப்படுகிறது?

[காட்சி: கிண்ணியாக் கடற்கரை. சாய்ந்து நிற்கும் ஒரு பழைய பெயர்ப்பலகை.]

குச்சவெளியிலிருந்து வெருகல் வரை திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் கிணறு, வீடு, பொதுமண்டபம் என்று எதைக் கட்டிக்கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு பலகை நடப்படுவது வழக்கம். கொடுத்தவரின் பெயர் அதில் பெரிதாக இருக்கும். எவ்வளவு செலவானது, பயனாளிகள் எந்த அளவுகோலின்படி தெரிவானார்கள் என்பவற்றை அதில் தேடிப் பயனில்லை.

[காட்சி: கையொப்பத் தாள், பெருவிரல் அடையாளம்.]

அரச சார்பற்ற நிறுவனம் ஒன்று நிதி வழங்கியவருக்குப் பற்றுச்சீட்டு, புகைப்படம், கணக்காய்வு அறிக்கை என அனைத்தையும் ஒழுங்காக அனுப்புகிறது. பொருளைப் பெற்ற பெண் தாளில் ஒப்பமிட்டுவிட்டுப் போகிறார். அந்த ஒப்பமும் நிதி வழங்கியவருக்கான சான்றுதான். உதவி பெறும் மக்களுக்கும் நிறுவனம் பதில்சொல்ல வேண்டும் என்பதையே இங்கு பொறுப்புக்கூறல் என்கிறோம். இது புதிய கோரிக்கையன்று. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்ற நடத்தைக் கோவையின் ஒன்பதாவது கொள்கை, உதவி பெறுவோருக்கும் நிதி தருவோருக்கும் தாம் பொறுப்புக்கூற வேண்டியவர்கள் என்று இரு தரப்பையும் ஒரே வரியில் வைக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அந்த வரி எவ்வளவு மறக்கப்பட்டது என்பதை இலங்கையின் மீனவர்கள் அறிவார்கள். கேட்டவருக்குக் கேட்டது கிடைக்காத அதே காலத்தில், சிறு படகுகள் தேவைக்கு அதிகமாக வந்திறங்கின. படகைப் புகைப்படம் எடுப்பது எளிது என்பதும் அதற்கொரு காரணமாக இருந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

[காட்சி: சுவரில் பூட்டிய மரப்பெட்டி.]

2014இல் வெளியான மனிதாபிமானப் பணிக்கான அடிப்படைத் தரம், முறைப்பாடுகளை வரவேற்றுத் தீர்வு காண்பதை நிறுவனங்களின் கடப்பாடுகளுள் ஒன்றாக ஆக்கியது. ஆனால் இதற்கென வைக்கப்படும் முறைப்பாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன. குறையில்லாததால் அல்ல, பெட்டியின் திறப்பு யாரைப் பற்றி முறையிட வேண்டுமோ அவரிடமே இருக்கும்போது, அடுத்த பட்டியலில் தன் பெயர் விடுபட்டுவிடும் என்ற அச்சத்தோடு எவர் எழுதிப் போடுவார்? அதைவிட, பயனாளிப் பட்டியலை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் உரக்க வாசித்து, விடுபட்டவருக்குக் காரணத்தை அங்கேயே சொல்வது பலமடங்கு பயன் தரும்.

இவ்வளவையும் களப்பணியாளர் மீதான குற்றச்சாட்டாக எடுக்கக் கூடாது. 2006 ஆகஸ்டில் மூதூரில் தமது அலுவலக வளாகத்திலேயே கொல்லப்பட்ட 17 பணியாளர்களும் இலங்கையர். இந்த மண்ணின் பிள்ளைகள் எவ்வளவு ஆபத்துக்கு நடுவே வேலை செய்தார்கள் என்பதை இவ்வூர் மறக்காது. தீர்மானங்களோ பெரும்பாலும் கொழும்பிலும் அதற்கு அப்பாலுமே எடுக்கப்படுகின்றன.

[காட்சி: வெற்றுத்தாளும் பேனாவும்.]

ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களுக்கு மட்டும் உரியதென்றே பலர் கருதுகிறார்கள். அரசாங்கத்திடமோ, வெளிநாட்டு அரசிடமோ, சர்வதேச அமைப்பிடமோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான தகவல்களைப் பொறுத்தவரை, இச்சட்டத்துக்குள் அடங்கும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. தகவல் தருவதா மறுப்பதா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். மறுத்தால் முதலில் அந்நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் செல்லலாம்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. திட்டத்தின் பெயர், பிரதேச செயலாளர் பிரிவு, ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, “எமது கிராமத்தில் பயனாளிகளைத் தெரிவுசெய்யப் பயன்படுத்திய அளவுகோல்களின் பிரதியைத் தரவும்” என்று தமிழில் ஒரு வரி எழுதினால் போதும்.