பாலம் ஏறுற மீன்பாடி வண்டி

எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டைல 28 வருஷம் பயாலஜி டீச்சரா இருந்தவ, இப்ப ரிடையர் ஆயிட்டேன், ஆனா வாய் மட்டும் இன்னும் ரிடையர் ஆகல, அதான் ரேடியோல பேச வாங்கன்னதும் ஓடி வந்துட்டேன்.

உடம்புல இருக்கிற உறுப்பு மண்டலங்கள பத்தி பேசச் சொன்னாங்க. புக்குல இது ரொம்ப ஈஸிங்க. செரிமான மண்டலம் ஒரு பாடம், சுவாச மண்டலம் ஒரு பாடம், கழிவு நீக்கம் ஒரு பாடம், ஆளுக்கு ஒரு படம், ஒரு அஞ்சு மார்க் கேள்வி, முடிஞ்சுது. நானும் ரொம்ப வருஷம் அப்டிதான் நடத்துனேன். ஒரு நாள் எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு எழுந்து, "டீச்சர், எங்கப்பாவுக்கு கிட்னிலதான கோளாறு, டயாலிசிஸ் பண்றாங்க, அப்றம் ஏன் ரத்தமும் கம்மியா இருக்குன்னு சொல்றாங்க?"ன்னு கேட்டுச்சு. நான் முழிச்சேன். நாளைக்கு சொல்றேம்மான்னு சமாளிச்சுட்டு, வீட்டுக்கு வந்து காலேஜ் புக்க தூசி தட்டுனேன்.

கிட்னின்னா யூரின் பிரிக்கிற ஃபில்டர்னு மட்டும்தான் நாம நெனைக்கிறோம். அந்த வேலையே பெருசுதான், ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப ரத்தத்துக்கே குடுத்துட்டு, ஒண்ணு ஒன்றரை லிட்டர்தான் வெளிய விடுது. ஆனா அது இன்னொரு வேலையும் சத்தமில்லாம பாக்குது. ரத்தத்துல ஆக்ஸிஜன் கொறையுதான்னு மோப்பம் புடிச்சு, கொறஞ்சா எரித்ரோபாய்ட்டின்னு ஒரு ஹார்மோன விடும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணு இன்னும் செய்யுன்னு சொல்லும். ஒரு சிவப்பணுவுக்கு ஆயுசு சுமார் 120 நாள்தான், அதனால செஞ்சுட்டே இருக்கணும். கிட்னி கெட்டா அந்த ஆர்டர் போகாது, மஜ்ஜை நல்லாதான் இருக்கும், ஆனா சும்மா ஒக்காந்திருக்கும். மறுநாள் இத சொன்னதும் அந்த பொண்ணு, "ஓ, ரத்தம் ஊறுறதுக்குன்னு ஒரு ஊசி போடுறாங்களே, அது இதானா"ன்னுச்சு. அதேதான். இப்ப சொல்லுங்க, இத எந்த பாடத்துல வெக்கிறது? கழிவு நீக்கமா, ஹார்மோனா, ரத்தமா, எலும்பா?

அன்னிலேர்ந்து நான் பாடம் நடத்துற விதத்தையே மாத்திட்டேன். காசிமேட்டுலேர்ந்து மீன்பாடி வண்டில, அதான் அந்த மூணு சக்கர மிதி வண்டில, ஐஸ் போட்ட மீன் பெட்டிய ஏத்திக்கிட்டு ஒருத்தர் மேம்பாலம் ஏறுறாரு, அவர் உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு ஆரம்பிப்பேன். இப்ப நெறைய பேர் மோட்டார் மாட்டிட்டாங்க, மிதிக்கிறவங்க கொறஞ்சுட்டாங்க, அது வேற கதை.

பாலத்த பாத்ததும் சீட்லேர்ந்து எழுந்து நிக்கிறாரு பாருங்க, அப்பவே மூளை முந்திக்கும். கால் கேக்குறதுக்கு முன்னாடியே இதயத்துக்கு ஸ்பீடு ஏத்தச் சொல்லிடும், கிட்னி மேல தொப்பி மாதிரி ஒக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பியும் அட்ரினலின விடும். சும்மா இருக்கிறப்ப இதயம் நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் தள்ளும், நல்லா மூச்சு வாங்கி மிதிக்கிறப்ப 20 லிட்டர் கூட போகும். உடம்புல இருக்கிற மொத்த ரத்தமே கிட்டத்தட்ட 5 லிட்டர்தான், அப்ப அதே ரத்தம் நிமிஷத்துக்கு நாலு ரவுண்டு அடிக்குது! ஆனா ஸ்பீடு மட்டும் பத்தாது, குடலுக்கும் கிட்னிக்கும் போற குழாய கொஞ்சம் இறுக்கி அந்த ரத்தத்தையும் தொடைக்கு திருப்பி விடும். சாப்ட ஒடனே ஓடாதடான்னு எங்கம்மா கத்துவாங்க, அவங்க பிசியாலஜி படிக்கல.

மீன வெச்சே நடத்துறீங்களே டீச்சர்னு கிண்டல் பண்ணுவாங்க பசங்க. ஆனா இதயம்னு வந்தா மீன் ஒத்து வராது. சங்கராவுக்கு ரெண்டு அறைதான், ரத்தம் செவுளுக்குப் போய் அப்டியே உடம்புக்கு ஓடிடும். நமக்கு நாலு அறை, நுரையீரலுக்கு தனி பம்பு, உடம்புக்கு தனி பம்பு, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குது.

மூச்சு எதனால முட்டுதுன்னு கேட்டா எல்லாரும் ஆக்ஸிஜன் பத்தலன்னு சொல்வாங்க. இப்ப ஒக்காந்த எடத்துலயே கொஞ்ச நேரம் மூச்ச புடிச்சு பாருங்க, வண்டி ஓட்டிட்டு கேக்குறவங்க மட்டும் வேணாம். தாங்க முடியாம ஒரு தவிப்பு வருதுல்ல, அது பெரும்பாலும் ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு ஏறுறதால வர்ற தவிப்பு. மூளையோட அடியில இருக்கிற முகுளம் அததான் கணக்கு பாத்துட்டு இருக்குது.

அப்றம் வேர்வை. நம்ம ஊரு மே மாசம் தெரியும்ல, கடல் காத்துல ஈரம் இருக்கு, வேர்வை காயவே காயாது. காஞ்சு போற வேர்வைதான் உடம்ப குளிர வெக்கும், சொட்டு சொட்டா கீழ விழுறது வேஸ்டுதான். சூட்ட வெளிய தள்ளணும்னு தோலும் ரத்தம் கேக்கும், காலும் கேக்கும், நடுவுல இதயம் மாட்டிக்கிட்டு முழிக்கும். தண்ணி கொறையுறத மூளை பாத்துட்டு ஒரு ஹார்மோன விட்டு கிட்னிய தண்ணி சேத்து வெக்கச் சொல்லும், மத்தியானம் யூரின் அடர் மஞ்சளா போறது அதனாலதான்.

உச்சி தாண்டியாச்சு, பெடல விட்டுட்டு வண்டி தானா எறங்குது. இப்ப வேகஸ்னு ஒரு நரம்பு, மூளைலேர்ந்து கெளம்பி இதயம், குடல் வரைக்கும் போறது, அது இதயத்துக்கு பிரேக் போடும், குடல மறுபடி வேலைக்கு கூப்டும். கீழ டீக்கடைல அவர் ஒரு பன்னு டீல நனச்சு சாப்புடுறாரு. கணையம் ஒரு பக்கம் குடலுக்கு செரிமான நீர ஊத்தும், இன்னொரு பக்கம் ரத்தத்துக்கு இன்சுலின விடும், இதுவும் ரெண்டு டிபார்ட்மென்ட் ஆளுதான். மிதிச்சு களச்ச தொடை, இன்சுலின் கம்மியா இருந்தாலும் சர்க்கரைய இழுத்துக்கும். மிச்சம் ஈரலுக்கு. அந்த பன்னு அங்கயும் இங்கயும் கிளைகோஜனா, அதாவது சேத்து வெச்ச சர்க்கரையா, போய் ஒக்காந்துக்கும், நாளைக்கு விடியக்காலைல அதே பாலம் இருக்கே.