அக்டோபர்ல தேடின எல்க் எங்க இருந்துச்சுன்னு டிசம்பர்ல தெரிஞ்சுபோச்சு!

வணக்கம் மக்களே. மூச்சு வாங்குறது கேக்குதா? கேக்கட்டும். வீட்டுக்குப் போய் நிதானமா பேசலாம்னு பாத்தேன், முடியல. இங்க நின்னே சொல்லிடறேன்.

அக்டோபர் வீடியோ பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டாவது ரைஃபிள் சீசன், அதாவது துப்பாக்கியால வேட்டையாட அனுமதிக்கிற நாட்கள்ல ரெண்டாவது சுற்று. நானும் மச்சானும் நாலு நாள் நடந்தோம், ஒரு ஆண் எல்க்கைக்கூட கண்ணுல பாக்கல. எல்க்னா பெரிய மான் வகை. அமெரிக்காவுல எல்க் அதிகமா இருக்குற மாநிலம்னா கொலராடோதான்னு எல்லாரும் சொல்றாங்க, அதெல்லாம் எங்கடா போச்சுன்னு அன்னிக்குக் கேட்டேன்ல? நாங்க உக்காந்திருந்த பாறையிலேர்ந்து அரை மைல்கூட இல்லங்க! ஒரே ஒரு மேடு தாண்டி, அந்தப் பக்கம் இருந்திருக்கு.

இடம் ஃப்ளாட் டாப்ஸ் பக்கம், ஒயிட் ரிவர் தேசியக் காடு. அவ்ளோதான் சொல்லுவேன். யூனிட் நம்பர், அதான் வேட்டைப் பகுதியோட எண், அதைக் கேட்டு கமென்ட் போடாதீங்க, போன தடவையே சொல்லிட்டேன்.

சீசன்தான் முடிஞ்சிருச்சே, இப்ப எதுக்கு மலை ஏறறன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. இப்பதாங்க ஏறணும்! ஆஸ்பென் மரத்து இலையெல்லாம் கொட்டியாச்சு, காட்டுக்குள்ள ரொம்ப தூரம் தெரியுது. செப்டம்பர்ல ஆண் எல்க் கொம்பைத் தேய்ச்ச மரமெல்லாம் அப்படியே காயத்தோட நிக்குது. ரோட்டு கேட்டை குளிர்காலத்துக்குப் பூட்டிட்டாங்க, அதனால வண்டிச் சத்தமே இல்ல. மூணு மைல் கூடுதலா நடக்கணும், நடப்பேன். சேட்டிலைட் மேப்பை மட்டும் பாத்துட்டு இடம் முடிவு பண்றது எனக்குச் சுத்தமா பிடிக்காது. மரத்தடியில என்ன இருக்குன்னு மேப்ல தெரியாதுங்க.

சரி, அதுக்கு முன்னாடி இந்த அடாப்டர் கதை. பைனாகுலரை ட்ரைபாட்ல மாட்டறதுக்கு ஒரு சின்ன துண்டு, என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நாப்பத்தாறு டாலர்! உள்ள ஒரு திருகு, வெளிய ஒரு தகடு, வேற ஒண்ணும் கிடையாது. கடையில நின்னு ரெண்டு தடவை விலையைப் பாத்தேன். வாங்கிட்டு வந்து மாட்டலாம்னா, பைனாகுலர் முன்பக்கம் அடாப்டர் மாட்டற துளையோட மூடி வரமாட்டேங்குது. குளிர்ல இறுகிப்போச்சு. இடுக்கி போட்டா பல்லு பதிஞ்சிரும், எனக்கு மனசு வரல. இருபது நிமிஷம் போராடினேன். அப்புறம் எங்கம்மா ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கறது ஞாபகம் வந்துச்சு. பழைய சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டி, மூடியைச் சுத்திப் பிடிச்சு ஒரு திருகு. வந்துருச்சு! அவ்ளோ சந்தோஷம் எனக்கு. ஆனா நாப்பத்தாறு டாலரும் வீண் இல்லங்க. கையில பிடிச்சுப் பாத்தா படம் ஆடிக்கிட்டே இருக்கும். ட்ரைபாட்ல வெச்சப்புறம் எதிர்ச் சரிவுல ஒவ்வொரு மரமா பாத்தேன், அதுலதான் அந்த முதல் ரப் கண்ணுல பட்டுச்சு.

ரப்னா கொம்பைத் தேய்ச்ச தடம். சாதாரண மான் தேய்ச்சா சின்னக் கன்னு மரமா இருக்கும், முழங்கால், தொடை உயரத்துல முடிஞ்சிரும். எல்க் தேய்ச்சது என் நெஞ்சுக்கு மேல போகுது, கிளையெல்லாம் ஒடிஞ்சு கிடக்கு. இந்த வருஷத்துதுன்னா உள்மரம் இன்னும் வெளுப்பா இருக்கும், பிசின் வடிஞ்சிருக்கும். பழசு சாம்பல் நிறம். ஆஸ்பென் மரத்துல கறுப்பா தழும்பு தழும்பா இருக்கே, அது ரப் இல்ல. குளிர்காலத்துல எல்க் பட்டையைக் கடிச்சுத் தின்ன இடம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஒண்ணு, ரெண்டு, அப்படியே பதினோரு மரம் வரிசையா போகுதுங்க! கீழ ஒரு சேத்துக்குட்டை, எல்க் புரண்டு எழுந்த குட்டை, இப்ப உறைஞ்சு கிடக்கு. அங்கேர்ந்து மேட்டோட தாழ்வான இடம் வழியா வடக்குச் சரிவுக்குப் போகுது. நடுவுல ஒரு சமதட்டு, நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி. சுத்தி ஸ்ப்ரூஸ் மரம், நட்டநடு மதியத்துலயும் இருட்டு. காலையில குளிர்காத்து கீழ இறங்கும், வெயில் ஏறினதும் மேல வரும். பகல்ல அந்தத் தட்டுல படுத்திருந்தா கீழேர்ந்து யார் ஏறி வந்தாலும் மூக்குக்குத் தெரிஞ்சிரும். நாங்க அக்டோபர்ல தினம் பத்து மணிக்கு எங்கேர்ந்து ஏறினோம்? கீழேர்ந்துதான்!

ஐயோ, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பனியில இருக்குற தடத்தை மட்டும் நம்பி அடுத்த வருஷ இடத்தை முடிவு பண்ணிடாதீங்க. மியூல் மான் எல்லாம் இந்நேரம் சேஜ் புதர் இருக்குற தாழ்வான பக்கம் இறங்கியிருக்கும். பெண் எல்க்கும் கன்னுகளும் அப்படித்தான். பெரிய ஆண்கள்தான் பனி ஆழமாகிற வரைக்கும் மேல தங்கும். அதனால மான் எங்க நிக்குதுன்னு இப்ப பாத்து அக்டோபர்ல அங்க போனா ஏமாந்துருவீங்க. ரப், குட்டை, படுத்த தட்டு, இதெல்லாம் இடம் மாறாது.

அந்தத் தட்டுல நாலு படுக்கை பாத்தேன். பனி உருகி புல்லு தெரியுது, ஓரத்துல முடி. அதுல ஒண்ணுல புழுக்கை இன்னும் உறையவே இல்ல. இந்தக் குளிர்லயும்! அப்படின்னா கொஞ்ச நேரம் முன்னாடிதான் எழுந்து போயிருக்கு. உடனே திரும்பிட்டேன். பின்னாடி போய் வீடியோ எடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. சேத்து வெச்ச கொழுப்புலதான் வசந்தம் வரைக்கும் அது ஓட்டணும். நம்ம ஆசைக்கு அதை பனியில ஓட விடக்கூடாது. உதிர்ந்த கொம்பு பொறுக்கறதும் அதுக்காகத்தான் தடை: ஜனவரி 1லேர்ந்து ஏப்ரல் 30 வரைக்கும், ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்க பொது நிலத்துல எடுக்கவே கூடாது. நல்ல சட்டம்.

கோயம்புத்தூர்லேர்ந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணு. ஊட்டி எல்க் ஹில் முருகன் கோயில் தெரியும்ல? அங்க இந்த எல்க் கிடையாது. வெள்ளைக்காரங்க நம்ம கடமானையே எல்க்னு கூப்பிட்டாங்க. நம்ம ஊர்ல சட்டப்படி அதையெல்லாம் வேட்டையாட முடியாது. இங்க லைசென்ஸ் எடுத்து, ஹன்டர் எஜுகேஷன் முடிச்சு, சீசன்ல மட்டும் போறோம்.

நாலே முக்காலுக்கு வெயில் போயிரும், இறங்கணும். புளிசாதம் இன்னும் திறக்கவே இல்ல. சுக்குக் காபி மட்டும் குடிச்சேன். டிராவுக்கு, அதாவது லைசென்ஸ் குலுக்கலுக்கு, ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். மச்சான் வேற யூனிட் மாத்தலாம்னு பிடிவாதமா இருந்தான். மச்சான், இந்த வீடியோவைப் பாத்துட்டு போன் பண்ணு. நாம எங்கயும் மாறல. அடுத்த அக்டோபர்ல விடியறதுக்கு முன்னாடி, மேட்டுக்கு மேலேர்ந்து அந்தத் தாழ்வு வழியா இறங்குறோம்.