கால் வலிக்கிறது என்றார், பாதத்தைப் பார்த்தேன்

வணக்கம் மக்களே. குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறைப் பெண் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறாள், அதனால் துணி துவைக்கிற அறையில் உட்கார்ந்து பேசுகிறேன். இன்றைக்குப் பேசாமல் இருக்க முடியாது. நேற்று சாயங்காலம் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிற நம்ம பாட்டி அடுத்தடுத்து மூன்று வேலை சொன்னார். மூன்றையும் ஒரே தடவையில் புரிந்துகொண்டு செய்துவிட்டேன். ஜெர்மனிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, இதுதான் முதல் முறை!

பழைய வீடியோ பார்த்தவர்களுக்குப் பாட்டியைத் தெரியும். வயது 91, ஜன்னலோர நாற்காலி, மூன்று மணிக் காப்பியும் கேக்கும் ஐந்து நிமிடம் தள்ளி வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். புதிதாக வந்தவர்களுக்கு: ஈரோட்டில் பி.காம். முடித்த கையோடு ஜெர்மனிக்கு வந்தேன். ராய்ட்லிங்கன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வருடத் தன்னார்வச் சேவை. எஃப்.எஸ்.ஜே. என்பார்கள். 1964-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள், 27 வயது நிறையாதவர்களுக்கானது. உலகத்திலேயே குறுகலான தெரு என்று கின்னஸில் ஏறிய 31 செ.மீ. சந்தில் குளிர் கோட்டோடு மாட்டிக்கொண்டேனே, அது இந்த ஊர்தான்.

சரி, பாட்டி. சென்னையில் தங்கி ஜெர்மன் படித்து பி1 என்கிற நடுத்தர நிலைப் பரீட்சை பாஸ் செய்துவிட்டு எவ்வளவு தெனாவட்டாக விமானம் ஏறினேன் தெரியுமா? இங்கே வந்தால் வயதானவர்கள் பேசுவது ஷ்வேபிஷ், இந்தப் பக்கத்து வட்டார மொழி. செந்தமிழ் படித்துவிட்டு வந்த வெள்ளைக்காரரிடம் எங்கள் அம்மாயி "அக்கட்டால தள்ளி உக்காரு கண்ணு" என்றால் அவர் முழிப்பாரில்லையா, அப்படித்தான் நான் முழித்தேன்.

ஹேபன் என்றால் தூக்குவது என்று வகுப்பில் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் போனவர், தள்ளிக்கொண்டு நடக்கிற வண்டியைக் காட்டி "ஹெப் அமோல்" என்றார். நான் வண்டியை இரண்டு கையாலும் தரையிலிருந்து தூக்கிவிட்டேன். அதன்மேல் கையை ஊன்றப் போனவர் அப்படியே திரும்ப உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இங்கே ஹேபன் என்றால் பிடித்துக்கொள் என்று அர்த்தமாம். தூக்குவதற்கு லுப்ஃபன் என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் டெப்பிஷ் கேட்டார். டெப்பிஷ் என்றால் தரை விரிப்பு. குனிந்து தேடுகிறேன், வழுக்கி விழுவார்கள் என்று இல்லத்தில் விரிப்பே போடுவதில்லை. அவர் கேட்டது போர்த்திக்கொள்ளக் கம்பளி.

இதில் ஒன்று மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. "ஃபூஸ் வலிக்கிறது" என்றார் ஒருநாள். புத்தகப்படி ஃபூஸ் என்றால் பாதம். காலுறையைக் கழற்றி, விரல் விரலாகப் பார்க்கிறேன், ஒன்றுமே இல்லை. நர்ஸ் வந்து நேராக முட்டியில் கை வைத்தார், பாட்டி "ஆங்" என்றார். ஷ்வேபிஷில் ஃபூஸ் என்பது இடுப்பிலிருந்து விரல் வரை முழுவதும். நமக்கும் அதெல்லாம் கால்தானே! தமிழில் நினைத்திருந்தால் முதலிலேயே சரியாகச் செய்திருப்பேன், ஜெர்மன் படித்துத்தான் கெட்டேன்.

நேற்று என்ன நடந்தது என்றால், வண்டியைப் பிடி, கம்பளி கொண்டு வா, நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போடு. மூன்றும் முடித்துவிட்டுப் பாராட்டுக்காக நிற்கிறேன். பாட்டி ரொட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வெண்ணெய் ஓரம் வரை தடவியிருக்கிறதா என்று. பின்னால் நின்ற நர்ஸ்தான் சொன்னார், திட்டவில்லை என்றாலே பாராட்டியதாக எடுத்துக்கொள், இது இந்த ஊர்ப் பழமொழி என்று. எடுத்துக்கொண்டேன்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். டிக்கெட். ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம் என்கிற மாத டிக்கெட், 2023-ல் 49 யூரோவுக்கு ஆரம்பித்தது. நான் செப்டம்பரில் வந்தபோது 58, இந்த ஜனவரியிலிருந்து 63. என் பாக்கெட் மணி மாதம் 430. தங்க அறையும் மதியச் சாப்பாடும் இல்லத்தில், இன்ஷூரன்ஸும் அவர்கள் கட்டுகிறார்கள், மீதியெல்லாம் இந்த 430-க்குள். வாயை மூடிக்கொண்டு மாதாமாதம் கட்டினேன். தன்னார்வலர்களுக்கு வருடத்துக்கு 25 நாள் கட்டாய வகுப்பு உண்டு, போன வாரம் அங்கே கொலம்பியாவிலிருந்து வந்த பெண் கேட்கிறாள், "நீ ஏன் யூத் டிக்கெட் எடுக்கவில்லை?" இந்த மாநிலத்தில் 27 வயதுக்குள் தன்னார்வலராக இருந்தால் அதே டிக்கெட் குறைந்த விலைக்குக் கிடைக்குமாம். எவ்வளவு குறைவு என்று திரையில் போடுகிறேன், வாயால் சொல்ல மனசு வரவில்லை. நாலு மாதம் 58, மூன்று மாதம் 63, ஆக 421 யூரோ கட்டியிருக்கிறேன். கிட்டத்தட்ட ஒரு மாதப் பாக்கெட் மணி! அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா இந்த வீடியோ பார்ப்பார் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று. தம்பி ஒருவர் மெசேஜ் போட்டிருக்கிறார், இந்தத் தன்னார்வச் சேவையில் சேர்த்துவிட ஒரு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறாராம். கொடுக்காதீர்கள். பணம் கொடுக்க வேண்டியது இல்லம், உங்களுக்கு. நான் செலவு செய்தது மொழி வகுப்பு, விசா, விமானம், அவ்வளவுதான். இடம் தேடி நானேதான் மெயில் போட்டேன், 40-க்கு மேல் போட்டு மூன்று பேர் பதில் எழுதினார்கள். இது வேலை விசாவும் இல்லை. முடித்துவிட்டு இங்கேயே நர்சிங் பயிற்சியில் சேர்கிறவர்கள் உண்டு, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், நாங்கள் ஊழியர்களுக்குப் பதிலாள் இல்லை, கூடுதல் கை மட்டும்தான் என்பது விதி. காய்ச்சல் சீசனில் மூன்று பேர் ஒரே நாளில் லீவு போட்டால் அந்த விதியும் லீவு போட்டுவிடும், அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

மெஷின் முடியப் போகிறது. அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். நேற்றைய வெற்றியில் மிதந்துகொண்டு இன்று காலை டிஃபனுக்குப் போனேன். பாட்டி ரொட்டிக்கு "க்ஸெல்ஸ்" கேட்டார். ஸால்ஸ்தானே, உப்பு, இதுகூடத் தெரியாதா என்று உப்பு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, பவ்யமாகப் பக்கத்தில் வைத்தேன்.

ஜாமாம்.