மனுசனால எவ்ளோ வெயிட்தான் தூக்க முடியும்? காடிய தூக்குன அம்மா கதை நெசமா?

வணக்கம் வணக்கம், சத்தம் கேக்குதா, ஓகே. அடுத்த கேள்வி பட்டர்வொர்த்துல இருந்து ஒரு தம்பி அனுப்பிருக்காரு, வாசிச்சிடறேன். "அண்ணே, ஒரு மனுசனால அதிகபட்சம் எவ்ளோ வெயிட் தூக்க முடியும்? புள்ள காடிக்கு (காருக்கு) அடியில மாட்டிக்கிட்டா அம்மா காடியவே தூக்கிருவாங்கன்னு சொல்றாங்களே, அது நெசமா? நான் ஜிம்முக்கு போய் மூணு மாசம் ஆச்சு, டெட்லிஃப்ட் 90 கிலோ எடுக்கறேன், வருசக் கடைசிக்குள்ள 200 எடுக்க முடியுமா?"

நல்ல கேள்வி தம்பி. ஆனா தூக்கறதுன்னா எதுவரைக்கும் தூக்கறதுன்னு மொதல்ல பாக்கணும். தரையில இருக்கற, ரெண்டு பக்கமும் எடை மாட்டுன கம்பிய, அதான் பார்பெல்ல புடிச்சு நிமிந்து நிக்கறீங்கல்ல, அந்த டெட்லிஃப்ட்ல 2016ல இங்கிலாந்து எடி ஹால் 500 கிலோ எடுத்தாரு, எடுத்து முடிச்சதும் மூக்குல ரத்தம், கொஞ்ச நேரம் கண்ணே சரியா தெரியல அவருக்கு. 2020ல ஐஸ்லாந்து ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501, அவரே 2025ல 510. கணக்கு பாருங்க, ஒம்போது வருசத்துல உலகத்துலயே பெரிய பலசாலிங்க சேந்து கூட்டுனது வெறும் 10 கிலோ! அதுலயே தெரியலையா நாம ஒரு சுவத்துக்கு ரொம்ப பக்கத்துல நிக்கறோம்னு. அதே பார்பெல்ல தரையில இருந்து தலைக்கு மேல தூக்கணும்னா ஜார்ஜியா நாட்டு லாஷா தலகாட்சே 2021ல எடுத்த 267 கிலோதான் உச்சம், கிட்டத்தட்ட பாதி.

இப்ப நம்ம ஊர் ஆளு ஒருத்தர சொல்லணும், இவர சொல்லாம இந்த கேள்விக்கு பதிலே கெடையாது. நம்ம வேலு ராதாகிருஷ்ணன், ராஜா கிகி, அதாவது பல்லு ராஜான்னு சொல்வாங்க, 2003ல கோலாலம்பூர் பழைய ரயில்வே ஸ்டேசன்ல 260.8 டன் ரயில பல்லாலயே கடிச்சு 4.2 மீட்டர் இழுத்தாரு, அப்ப கின்னஸ்ல பதிவாச்சு. 260 டன்னா 2 லட்சத்து 60 ஆயிரம் கிலோ, அப்ப 510 கிலோ என்னா பெருசுன்னு தோணும். ஆனா அவரு ரயில தூக்கல தம்பி, இழுத்தாரு. இரும்பு தண்டவாளத்துல இரும்பு சக்கரம் உருளும்போது தடுக்கற விசை ரொம்ப கம்மி, மொத்த எடையில ஆயிரத்துல ஒரு பங்கு ரெண்டு பங்குதான் வரும், அதுவே இருநூத்தி அறுவது கிலோவுல இருந்து ஐநூத்தி இருவது கிலோ தூக்கற அளவு விசை. அத தாடையிலயும் கழுத்துலயும் தாங்கறாரு பாருங்க, நெனச்சாலே எனக்கு ஒடம்பு சிலுக்குது. எங்க சாதனைன்னு புரிஞ்சுக்கிட்டா அவர் மேல மரியாதை இன்னும் கூடுது, கொறையல.

காடி கதையும் இதேதான். அம்மாமார் காடிய தூக்குன சம்பவம் நெசமாவே நடந்திருக்கு, 1982ல அமெரிக்காவுல நடந்தது பேப்பர்லலாம் வந்துச்சு. ஆனா யாரும் முழு காடிய தூக்கல. நம்ம மைவி கார் ஒரு ஆயிரம் கிலோ வரும்னு வச்சுக்குங்க, அதுல ஒரு மூலைய மட்டும் தூக்குனா மத்த சக்கரமெல்லாம் தரையிலதான் இருக்கும், அப்ப உங்க கைக்கு வர்றது கால்வாசி, 250 கிலோ கிட்ட, அதுலயும் மொதல் கொஞ்ச தூரத்துக்கு உள்ள இருக்கற ஸ்பிரிங்கும் சேந்து மேல தள்ளும். புள்ளைய இழுத்து எடுக்க நாலு விரக்கடை போதும்.

அப்படியும் 250 கிலோ ஒரு சாதாரண அம்மாவுக்கு எங்க இருந்து வந்துச்சு? இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். நம்ம தசையில இருக்கற நாரு எல்லாத்தையும் மூளை ஒரே நேரத்துல வேலைக்கு விடாது, புடிச்சு வச்சிருக்கும். 1961ல இக்காய், ஸ்டைன்ஹவுஸ்னு ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஆளுங்கள கைய மடக்கி முழு பலத்தோட இழுக்க வச்சாங்க, கத்திக்கிட்டே இழுத்தப்ப பலம் 12 சதவீதம் கிட்ட கூடிச்சு. கத்துனதுல புதுசா சதையா மொளைச்சுது? இல்லல்ல, உள்ள இருந்தத மூளை விட்டுக் குடுத்துச்சு. பயத்துல, புள்ள பாசத்துல அது இன்னும் கொஞ்சம் விடும்.

ஏன் புடிச்சு வைக்கணும்னு கேட்டா, ஒரு காரணம் இருக்கு. கையில 10 கிலோ புடிச்சு முழங்கைய மடக்கி நில்லுங்க, தசை எலும்புல ஒட்டற எடம் முழங்கைக்கு ரொம்ப பக்கத்துல, கை தூரத்துல, அதனால அந்த தசை ஏழெட்டு மடங்கு, அதாவது 80 கிலோ கிட்ட இழுத்தாதான் 10 கிலோ நிக்கும். முழு பலத்தையும் தொறந்து விட்டா தசைநாண், அதாவது தசைய எலும்போட கட்டி வச்சிருக்கற கயிறு, அந்து போகலாம். டெட்லிஃப்ட்ல ஒரு கைய மேல் பக்கமா திருப்பி புடிச்சவங்களுக்கு பைசெப்ஸ் அந்து போனத நானே ஒரு தடவ கண்ணால பாத்திருக்கேன், அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

எங்க பாட்டி எஸ்டேட்டுல ரப்பர் பால் மரம் வெட்டி, காண்டா கம்புல ரெண்டு வாளி பால தோள்ல போட்டு ஸ்டோருக்கு நடப்பாங்க, ஒல்லியான ஒடம்பு. கம்பு தோள்ல, பாரம் ரெண்டு பக்கமும் சமமா, நேரா எலும்பு வழியா எறங்கிருது, அதுல முதுகு வளையாது. நம்ம பினாங்கு நாசி கண்டார் சோத்துப் பேர்ல வர்ற கண்டார் கூட அந்த கம்புதான். பாரம் ஒடம்ப விட்டு தள்ளிப் போகப் போகத்தான் முதுகுக்கு ஆபத்து.

இப்ப உங்க 200 கிலோ. மூணு மாசத்துல 90 எடுக்கறீங்கன்னா அதுல பெரும்பங்கு மூளை கத்துக்கிட்டது, தசை இனிமேதான் வளரும், தசைநாணு அதவிட மெதுவாத்தான் கெட்டியாகும், அதுக்குள்ள தசை முந்திப் போயிருச்சுன்னா அங்கதான் அந்துடறது. அதனால இந்த வருசம் 200 வேணாம் தம்பி, நெசமாத்தான் சொல்றேன். வாரத்துக்கு ரெண்டரை கிலோ கூட்டுங்க, முதுகு வளையற அன்னைக்கு அந்த வெயிட்லயே நின்னுருங்க, வருசக் கடைசியில நீங்க எடுக்கறத சைடுல இருந்து வீடியோ புடிச்சு எனக்கு அனுப்புங்க, முதுகு எப்படி இருக்குன்னு நான் பாத்து சொல்றேன்.