16 டாலர் வாடகை அறையும் 900 ரூபாய் பிளேயரும்

வணக்கம் மக்களே! டிவிடிப் பெட்டி வந்துவிட்டது. போன மாதம் முழுக்க "வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, அதுதான். டெக்சாஸிலிருந்து வந்த அத்தை மகன் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டான். பெனலபி ஸ்பீரிஸ் எடுத்த 'தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்'. லாஸ் ஏஞ்சல்ஸ் பங்க் ராக், அதாவது வேகமும் கோபமுமாக வாசிக்கும் ராக் இசை, பற்றிய ஆவணப்படம், 1981இல் வெளியானது. மொத்தம் மூன்று பாகம். இன்றைக்கு முதல் பாகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஆனால் முதலில் இந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி சாப்பாட்டை முடித்து, விளக்கை அணைத்து, டிவிடியைப் பிளேயரில் போட்டால் 'மண்டலம் தவறு' என்று வருகிறது! உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிவிடி இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க டிவிடி மண்டலம் 1, நம்முடையது 5. காசு கொடுத்து வாங்கிய படத்தை என் வீட்டில் நான் பார்ப்பதற்கு எதற்கு இந்தப் பூட்டு? எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலை நேராகச் சென்னை ரிச்சி தெரு. ஒரு கடையில் பழைய பிளேயர் இருந்தது. 1,500 சொன்னார், 900க்கு முடித்தேன். அந்த அண்ணன் தட்டை வெளியே இழுத்து வைத்து, ரிமோட்டில் ஏதோ நான்கைந்து எண்களை அழுத்தி, மண்டலத்தை 0 ஆக்கிக் கொடுத்தார். அரை நிமிஷ வேலை. இனி எந்த நாட்டு டிவிடியும் ஓடும். அண்ணே, நீங்கள் இதைப் பார்த்தால், ரொம்ப நன்றி.

சரி, படத்துக்கு வருகிறேன்.

என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இசை ஆவணப்படங்களில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. முப்பது வருஷம் கழித்து, நரைத்த தலையோடு சோபாவில் உட்கார்ந்து "அந்தக் காலத்தில் நாங்கள்..." என்று ஆரம்பிப்பார்களே, அது. இதில் அப்படி ஒரு காட்சிகூட இல்லை. 1979 டிசம்பரிலிருந்து 1980 மே வரை, எல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே எடுத்தது. யார் பேர் வாங்கப்போகிறார், யார் காணாமல் போவார் என்று கேமராவுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

பிளாக் ஃபிளாக் குழு ஹெர்மோசா பீச்சில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் குடியிருக்கிறது. சுவர் முழுக்கக் கிறுக்கல். பாடகர் ரான் ரேயஸ் தன் இடத்தைக் காட்டுகிறார். அலமாரி அளவுதான் இருக்கிறது. மாத வாடகை 16 டாலர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே இல்லை! அந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். பாட்டை விடாமல் இருக்க எதையெல்லாம் விட்டார்கள் என்று அந்த ஒரு காட்சியிலேயே புரிந்துவிடுகிறது.

அப்புறம் ஜெர்ம்ஸ் குழுவின் டார்பி கிராஷ். மேடையில் நிற்கவே முடியாமல் தள்ளாடுகிறார், மைக்கை வாயருகே வைக்க மறந்துவிடுகிறார். அடுத்து பார்த்தால் அதே ஆள் சமையலறையில், தோழி பக்கத்தில் நிற்க, வாணலியில் முட்டை பொரித்துக்கொண்டு சாந்தமாகப் பேசுகிறார். 1980 டிசம்பர் 7 அன்று, 22 வயதில், ஹெராயினை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு உயிரை விட்டார். மறுநாளே ஜான் லெனனைச் சுட்டுவிட்டார்கள். உலகமே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. டார்பி மேடையில் கண்மூடிக் கிடக்கும் படம்தான் இதன் போஸ்டர். எடுத்தபோது அவர் உயிரோடு இருந்தார். இது தெரிந்த பிறகு அந்த முட்டைக் காட்சியைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அட, ஆரம்பத்தையே சொல்லாமல் விட்டுவிட்டேன்! படப்பிடிப்பு நடக்கிறது, உள்ளே வந்தால் உங்களையும் படம் எடுப்பார்கள் என்று கூட்டத்துக்கு ஒரு சட்ட அறிவிப்பு. அதைப் பாடகர்களே மைக்கில் வாசிக்கிறார்கள். ஒவ்வொருவர் வாசிக்கும் விதத்திலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுகிறது. இதைவிட நல்ல அறிமுகம் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, பாடல் வரிகள். வரி புரியாவிட்டால் எனக்குப் பாட்டு இறங்காது, உங்களுக்கே தெரியும். ஸ்பீரிஸ் திரையிலேயே வரிகளைப் போடுகிறார். வெறும் கத்தல் என்று நான் நினைத்திருந்த ஜெர்ம்ஸ் பாட்டுக்குள் அவ்வளவு கவிதை இருக்கிறது. அவர் கைக்கு முத்தம் கொடுக்கலாம்.

ஒரே ஒரு மனக்குறை, பாடகி ஆலிஸ் பேக் விஷயத்தில். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துப் பெண். மேடையில் நெருப்பு மாதிரி நிற்கிறார். இன்னும் நிறைய நேரம் கொடுத்திருக்க வேண்டும். கடைசியில் ஃபியர் குழு கூட்டத்தைத் திட்டித் திட்டி வம்புக்கு இழுக்கும் நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுத்திருக்கலாம். அந்தத் திட்டெல்லாம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

படம் வந்தபோது ஹாலிவுட்டில் கூட்டமும் போலீசுமாக ஒரே களேபரம். இதை இனி இந்த ஊரில் திரையிடாதீர்கள் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் தலைவர் டாரில் கேட்ஸ் கடிதமே எழுதினார். 2016இல் அதே படத்தை, காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள். இதைப் படித்தபோது நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

இரண்டாம் பாகம் ஹெவி மெட்டல், 1988. டிவிடி பிளேயருக்குள்தான் இருக்கிறது. வீடியோவை முடித்ததும் போடப்போகிறேன்.