இரண்டு வாரத்தில் கரைந்த கிடங்குகள்

நண்பர்களே, தோற்ற ராணுவத்தின் உணவுக் கிடங்கு யாருக்குப் போகும்? ஜெயித்தவனுக்கு என்போம். 1945இல் ஜப்பானில் ஜெயித்தவன் வந்து சேருமுன்பே கிடங்குகளின் பூட்டு திறந்துவிட்டது.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆகஸ்ட் 15 நண்பகலில் பேரரசரின் சரணடைவு உரை வானொலியில் வந்தது. அதற்கு முந்தைய நாளே, ராணுவக் கையிருப்பை அவசரமாகப் பைசல் செய்ய பிரதமர் சுசுகியின் அமைச்சரவை முடிவெடுத்திருந்தது. உள்ளூர் நிர்வாகத்துக்கும் கொடுக்கலாம், தனியாருக்கும் கொடுக்கலாம், பணம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அடுத்து வந்த ஹிகாஷிகுனி அமைச்சரவை இதை ரத்து செய்தது ஆகஸ்ட் 28இல். ஜெயித்த தரப்பின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் அட்சுகி விமானத் தளத்தில் இறங்கியது 30ஆம் தேதி.

இடையில் கிடைத்த அந்த இரண்டு வாரம் போதுமாக இருந்தது. ஊர் திரும்பிய சிப்பாய், முதுகு தாங்கிய அளவுக்கு அரிசியும் கம்பளியும் கட்டிக்கொண்டு நடந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனால் மேலதிகாரிக்கு லாரி இருந்தது, அவருக்குத் தெரிந்த வியாபாரிக்குக் கிடங்கு இருந்தது. முதுகுச் சுமை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். லாரிச் சுமையோ விலை ஏறும்வரை காத்திருக்கும்.

சாதாரணக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? ரேஷன், பெரியவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 கிராம். அது முழுக்க அரிசி என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அந்தக் கணக்கில்தான். அதுவும் சொன்ன நாளில் வராது. அந்த ஆண்டு நெல் விளைச்சல் வழக்கத்தில் சுமார் 60 சதவீதம்தான். ரயில் நிலையங்களை ஒட்டிக் கள்ளச்சந்தைகள் முளைத்தன. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் சரணடைந்து ஐந்தே நாளில், ஆகஸ்ட் 20இல், கடை விரித்துவிட்டார்கள்.

அப்புறம் அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? கையில் சிக்கிய ராணுவச் சரக்கில் பெரும்பகுதியை, மக்களின் தேவைக்குப் பயன்படுத்துங்கள் என்று ஜப்பானிய உள்துறையிடமே ஒப்படைத்தார்கள். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்? இங்கே அடையையே தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பக் கொடுத்த சரக்கிலும் நிறைய மாயமானது.

1946 மே 19இல் அரண்மனை எதிரே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோறு கேட்டுத் திரண்டார்கள். ‘நான் வயிறு முட்டத் தின்கிறேன், குடிமக்களே, நீங்கள் பட்டினி கிடந்து சாகுங்கள்’ என்று பேரரசரே பேசுவதுபோல ஒருவர் அட்டை எழுதிப் பிடித்திருந்தார். அட்டை பிடித்தவர் மீது வழக்குப் பாய்ந்தது. சரக்கு எங்கே என்று விசாரிக்க நாடாளுமன்றக் குழு அமைந்ததோ 1947இல்தான்.

அதே 1947இல், அக்டோபரில், யமகுச்சி யோஷிதாதா என்ற டோக்கியோ நீதிபதி ஊட்டமின்மையால் இறந்தார். வயது 33. அவர் முன் வந்த வழக்குகள் கள்ளச்சந்தைக்காரர்களுடையவை. அவர்களைத் தண்டித்துவிட்டு அதே அரிசியை நான் எப்படித் தின்பது என்று ரேஷனோடு நின்றுகொண்டார். அந்த ரேஷனிலும் பெரும்பங்கு பிள்ளைகளுக்குப் போனது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முன்வரிசையில் இருக்கும் அம்மா கேட்கிறார், ஒன்றுகூடவா போய்ச் சேரவில்லை என்று. சேர்ந்ததம்மா. 1947 ஜனவரியில் நகரங்களில் சுமார் 30 லட்சம் பிள்ளைகளுக்குப் பள்ளி மதிய உணவு தொடங்கியது. வெளிநாட்டு நிவாரணப் பொருள்களோடு, பழைய ராணுவத்தின் டின் உணவையும் அதற்கு எடுத்துக் கொடுத்தார்கள். சிப்பாய்க்கென்று அடைத்த டின்னைப் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வெட்டித் திறந்தார்கள்.