வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து: அது நிஜமாகவே வேலை செய்கிறதா?

(மேசையில் சாவிக்கொத்து விழும் ஓசை)

வணக்கம். கேரள எல்லையில் இருக்கும் நம் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் முதலில் நீட்டப்படுவது இதுதான். இரும்பு கையில் பட்டதும் வலிப்பு நின்றது என்று அடித்துச் சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வரவும் அவ்வளவு நேரம்தான் ஆகும்!

சரி, வலிப்பு வராமல் தடுப்பது எது? மாத்திரை. மூளையில் நரம்பு செல்கள் மின்துடிப்பால் பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் செல்கள் கட்டுக்கடங்காமல் சேர்ந்து துடித்தால் வலிப்பு. 1857-ல் புரோமைடு வந்தது, 1912-ல் பீனோபார்பிடால். இரண்டும் ஆளைத் தூக்கத்தில் தள்ளின. 1938-ல் வந்த பீனைட்டாயின், நாம் எப்டாயின் என்று வாங்குவது, அவ்வளவாகத் தூங்கவைக்காமலே வலிப்பை அடக்கியது. எப்படி? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

(திரையில்: எல்லைச் சோதனைச் சாவடி, இரவு)

நரம்பு செல்லின் சுவரில் சோடியம் நுழைய நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடும், சற்று ஓய்வெடுத்த பிறகே மறுபடி திறக்கும். நம் சாவடிக் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய கம்பத்தைச் சில கணம் கூடுதலாகப் பிடித்துவைக்கும் காவலர்தான் பீனைட்டாயின். வண்டிகள் இடைவெளி விட்டு வரும்போது அவர் இருப்பதே தெரியாது. நீங்கள் நடக்கலாம், பேசலாம், கணக்குப் போடலாம். வலிப்போ, ஐம்பது லாரி முட்டிக்கொண்டு பாய்வது மாதிரி. அப்போதுதான் அந்தப் பிடி உறைக்கும். வாசல் எவ்வளவு அடிக்கடி திறக்கிறதோ, மருந்து அவ்வளவு பலமாகப் பிடிக்கும். இயல்பான துடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வெறிபிடித்த துடிப்பை அடக்குகிறது, என்ன அழகான வேலை! கார்பமாசெபைன், லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரைகளும் முக்கியமாக இதே காவலைத்தான் செய்கின்றன.

ஆனால் காவலர் தினமும் வேலைக்கு வர வேண்டும். என் மாமா ரப்பர் பால் வெட்டுபவர். "வலிப்பு வந்து மூணு வருஷம் ஆச்சு மக்கா, இனி எதுக்கு மாத்திரை?" என்று தானாக நிறுத்தினார். ஐந்தாம் நாள் விடியுமுன் தோட்டத்தில் விழுந்தார். நாங்கள் போனபோது நெற்றியில் கட்டிய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்புகூட வரலாம். நிறுத்தலாம், ஆனால் டாக்டர் சொல்லி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக.

பக்க விளைவுக்குப் பயந்துதான் பலர் நிறுத்துகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. எப்டாயினால் ஈறு வீங்கும், அளவு கூடினால் நடை தள்ளாடும். லெவெடிரசெட்டாம் என்ற இன்னொரு மாத்திரை சிலரை எரிந்து விழவைக்கும். வீட்டுக்காரர்களே, அது குணம் இல்லை, மருந்தாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். கார்பமாசெபைன் ஆரம்பித்த வாரங்களில் காய்ச்சலோடு தோல் தடித்தாலோ வாய் புண்ணானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. வால்ப்ரோயேட் என்ற மாத்திரை கருவைப் பாதிக்கும், ஏறக்குறைய 10-ல் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை. கல்யாணம் பேசும்போதே மகளின் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மறைக்காதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில், வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்காகவே 1998 முதல் ஒரு பதிவேடு நடக்கிறது. பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

உங்கள் வீட்டில் எந்த மாத்திரை, என்ன தொந்தரவு? கமெண்டில் எழுதுங்கள், படிக்கிறேன்.

அப்புறம், யாராவது விழுந்தால் சாவி வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.